காசாபிளாங்கா டிராம்: ஊரைப் பிரிச்ச கோட்டுக்குக் குறுக்க போட்ட தண்டவாளம்

2012 டிசம்பர் 12. நல்ல நாள் பாத்து வச்சாங்களோ என்னமோ, 12-12-12 அன்னிக்குத் தான் மொராக்கோ ராஜா ஆறாம் முகம்மது காசாபிளாங்காவோட முதல் டிராம் லைனைத் திறந்து வச்சாரு, பக்கத்துல அப்போதைய பிரெஞ்சு பிரதமர் ழான் மார்க் ஐரோ. பிரெஞ்சுக்காரருக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா, வண்டி செஞ்சது பிரெஞ்சுக் கம்பெனி அல்ஸ்டோம் (சென்னை மெட்ரோவுக்குப் பெட்டி குடுத்தாங்களே, அவங்களே தான்), வண்டியை ஓட்டுற காண்டிராக்ட் பாரிஸ் மெட்ரோவை ஓட்டுற ஆர்.ஏ.டி.பி.யோட துணைக் கம்பெனி தலைமையில இருந்த கூட்டணிக்கு, வாங்குன கடன்லயும் ஒரு பெரிய பங்கு பிரெஞ்சு அரசோடது. தண்டவாள வேலைக்கு மட்டும் துருக்கிக்காரங்க வந்தாங்க, யாப்பி மெர்கெஸின்னு ஒரு கம்பெனி.

31 கிலோமீட்டர், 48 ஸ்டாப், எல்லாத்தையும் ஒரே நாள்ல திறந்தாங்க. இது சாதாரண விஷயம் இல்ல, ஏன்னா புதுசா டிராம் போடுற ஊருங்க பொதுவா 8 கிமீ, 10 கிமீன்னு ஒரு துண்டைத் திறந்து ஓட்டிப் பாத்து, டிரைவர், சிக்னல், ஜனங்க எல்லாம் பழகுனப்புறம் தான் அடுத்த துண்டைத் தொடுவாங்க. வட ஆப்பிரிக்காவுல இதுக்கு முன்னாடியே ஆள் இருந்தாங்க, துனிஸ்ல 1985லேர்ந்து லைட் மெட்ரோ ஓடுது, அல்ஜியர்ஸ், ரபாத் ரெண்டுலயும் 2011 மே மாசம் டிராம் வந்துடுச்சு. ஆனா முதல் அடியே இவ்வளவு நீளமா வச்சது காசாபிளாங்கா தான்.

இந்த டிராமைப் பத்தி எழுதுறவங்க பாதிப்பேர் வண்டி பளபளன்னு இருக்கு, ஏசி இருக்கு, ஐரோப்பா மாதிரி இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க. எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல, அல்ஸ்டோமோட அதே சிட்டாடிஸ் மாடல் வண்டி உலகத்துல எத்தனையோ ஊர்ல ஓடுது. இங்க பாக்க வேண்டியது ரெண்டு முடிவு. ஒண்ணு, லைன் எங்க ஆரம்பிச்சு எங்க போகணும்னு எடுத்த முடிவு, அது ரொம்ப துணிச்சலானது. இன்னொண்ணு, டிராமுக்குன்னு தனியா ஒரு கம்பெனி வச்சு பஸ்ஸை அதுபாட்டுக்கு விட்டது. அன்னிக்கு அது வசதியா இருந்துச்சு, ஆனா அதோட பில்லை ஊர் பல வருஷம் கட்டுச்சு.

கிழக்கும் மேற்கும்

காசாபிளாங்கா தானா வளந்த ஊர் மாதிரி தெரியும், ஆனா அதோட எலும்புக்கூட்டைப் போட்டது பிரெஞ்சுக்காரங்க. மொராக்கோவுல பிரெஞ்சு ஆட்சியோட தலைமை அதிகாரியா இருந்த லியோத்தே 1914 வாக்குல ஆன்ரி ப்ரோஸ்ட்னு ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டிட்டு வந்து பிளான் போட வச்சாரு. துறைமுகத்துக்குக் கிழக்க ஃபேக்டரி, அதைச் சுத்தி தொழிலாளிங்க, மேற்குப் பக்கம் கடலைப் பாத்த மாதிரி பணக்காரங்க பங்களா. 1943ல ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் உக்காந்து போர்த்திட்டம் பேசுனாங்களே அந்த அன்ஃபா, அது மேற்குப் பக்கம். 1952 டிசம்பர்ல துனீசியத் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹஷேதைக் கொன்னதுக்கு எதிரா ஜனங்க தெருவுல இறங்கி சுடப்பட்டாங்களே அந்த கரியேர் சாந்த்ரால், இன்னிக்கு ஹாய் முஹம்மதின்னு சொல்ற ஏரியா, அது கிழக்கு. அப்புறம் மிஷேல் எக்கோஷார்னு இன்னொரு பிளானர் வந்து, கிழக்குல குடிசைல இருந்தவங்களுக்கு 8 மீட்டருக்கு 8 மீட்டர்னு கட்டம் கட்டமா வீடு போட்டாரு, அதுவும் கிழக்குலயே தான். சுதந்திரம் 1956ல வந்துச்சு, ஆனா இந்தக் கிழக்கு மேற்குக் கோடு மட்டும் எங்கயும் போகல. கிராமத்துலேர்ந்து பிழைக்க வந்தவங்க எல்லாம் கிழக்கு ஓரத்துலயே போய்ச் சேர, ஊர் அந்தப் பக்கமாவே வீங்கிட்டுப் போச்சு.

அந்த வீக்கத்தோட கடைசி ஓரம் தான் சிதி மூமென். 2003 மே 16 ராத்திரி ஊர் நடுவுல அஞ்சு இடத்துல குண்டு வெடிச்சுது, வெடிச்சவனுங்க 12 பேரையும் சேத்து 45 பேர் செத்தாங்க, விசாரிச்சுப் பாத்தா வந்த பசங்கள்ல பெரும்பாலானவங்க சிதி மூமென் குடிசைப் பகுதியில வளந்தவங்க. அது வரைக்கும் அந்த ஏரியா பேரையே சரியாக் கேள்விப்படாத ஆளுங்கல்லாம் அன்னிக்கு மேப்ல தேடுனாங்க. அடுத்த வருஷமே குடிசை இல்லாத நகரங்கள்னு நாடு முழுக்க ஒரு திட்டம் வந்துச்சு. டிராமுக்கு அடிப்படையான போக்குவரத்து ஆய்வையும் கிட்டத்தட்ட அதே நேரத்துல, 2004லேர்ந்து தான் செய்ய ஆரம்பிச்சாங்க. குண்டு வெடிச்சதுனால தான் டிராம் வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அது கதை விடுறது. ஆனா முதல் லைனோட கிழக்கு முனையை எங்க வைக்கலாம்னு பேசுன அத்தனை பேர் மண்டையிலயும் 2003 இருந்திருக்கும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதுக்கு முன்னாடி ஜனங்க எப்படிப் போனாங்கன்னா, பாதிக்கு மேல நடை தான். வசதி இருந்தா சிவப்புக் கலர் பெத்தி டாக்ஸி, மூணு பேர் வரைக்கும் ஏத்துவான். இல்லன்னா கிராண்ட் டாக்ஸி, அதாவது பழைய வெள்ளை மெர்சிடிஸ் டீசல் கார், முன்சீட்டுல டிரைவரோட ரெண்டு பேர், பின்னாடி நாலு பேர், மொத்தம் ஆறு பேர் நிரம்புனா தான் கிளம்பும், நம்ம ஷேர் ஆட்டோ கணக்கு அப்படியே. மெட்ரோ பேச்சு 1970கள்லேர்ந்து ஓடிட்டு இருந்துச்சு, ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு ரிப்போர்ட் வரும், காசு எவ்வளவுன்னு பாத்ததும் அலமாரிக்குள்ள போயிடும். அப்ப 33 லட்சம் பேரு வரைக்கும் இருந்த ஊர் இது, நாட்டோட தொழில்ல பெரிய பங்கு இங்க தான், அப்பவும் ஒரு மெட்ரோவோ டிராமோ கூட இல்ல.

லைன் எப்படிப் போச்சு

முதல் லைன் சிதி மூமென்ல ஆரம்பிச்சு, ஹாய் முஹம்மதி வழியா, வெளியூர் ரயில் வந்து நிக்குற காசா வாயாஜர் ஸ்டேஷனைத் தொட்டு, முகம்மது V சாலைல புகுந்து, மதீனான்னு சொல்ற பழைய ஊரோட வாசல்ல இருக்குற ஐக்கிய நாடுகள் சதுக்கத்தைத் தாண்டி, தெக்கு மேற்கா இறங்கி ஒய் எழுத்து மாதிரி ரெண்டாப் பிரியும். ஒரு கை யுனிவர்சிட்டி இருக்குற ஃபக்கல்தே பக்கம், இன்னொரு கை ஐன் தியாப் பீச்சுக்கு. ஊர்ல ரொம்ப ஏழைப்பட்ட ஓரம், ரயில் ஸ்டேஷன், மார்க்கெட், ஊர் நடு, காலேஜ், கடற்கரை, இவ்வளவையும் ஒரே லைன்ல கோத்துட்டாங்க. தூரத்துக்கு ஏத்த மாதிரி ரேட்டு கிடையாது, எங்க ஏறி எங்க இறங்குனாலும் 6 மொராக்கோ திர்ஹம், டிக்கெட் அட்டைக்கு மட்டும் தனியா கொஞ்சம். ஸ்டூடண்ட்டுக்கு மாசப் பாஸ்ல தள்ளுபடி.

தூரம் பாக்காம ஒரே ரேட்டு வைக்குறது ஒரு அரசியல் முடிவுன்னு தான் நான் நினைக்குறேன். தூரத்தை வச்சுக் காசு வாங்குனா அதிகம் குடுக்குறவன் யாரு, ஊர் ஓரத்துல இருக்குறவன் தான், அதாவது கையில காசு இல்லாதவன். இங்க ஊர் நடுவுல நாலு ஸ்டாப் போறவன் குடுக்குற அதே காசைத் தான் சிதி மூமென்காரனும் குடுத்துட்டு கடல் வரைக்கும் போனான். லீவு நாள்ல கிழக்குப் பக்கத்துப் பசங்க கூட்டமா ஐன் தியாப்ல வந்து இறங்க ஆரம்பிச்சதும் கடலோரத்துல கிளப்பும் ரெஸ்டாரண்டும் வச்சுருக்குற ஆளுங்க முகம் சுளிச்சாங்க. பீச் கெட்டுப் போச்சுன்னு ஒரு புலம்பல். எனக்கு அது டிராமுக்குக் கெடச்ச பாராட்டுப் பத்திரமாத் தான் தெரியுது.

முகம்மது V சாலையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். 1920, 30கள்ல கட்டுன ஆர்ட் டெக்கோ கட்டடங்க ரெண்டு பக்கமும், கீழ வளைவு வளைவா நடைபாதை, 1917ல கட்டுன மார்ஷே சாந்த்ராலும் அங்க தான் இருக்கு. டிராம் வர்றதுக்கு முன்னாடி அந்த ரோடு கார் புகையில கறுத்துப் போய்க் கெடந்துச்சு. டிராமுக்காக அதுல பெரும்பகுதியைக் காருக்கு மூடி நடக்குறவங்களுக்கு விட்டுட்டாங்க. வேலை நடந்தப்ப கடைக்காரங்க வியாபாரமே படுத்துடுச்சுன்னு கத்துனாங்க, அவங்க கத்துனதுலயும் நியாயம் இருந்துச்சு, வருஷக்கணக்கா வாசல்ல பள்ளம் இருந்தா யாரு கடைக்குள்ள வருவா. தண்டவாளத்துக்கு அடியில தண்ணி பைப்பு, சாக்கடை, கரண்ட் கேபிள் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா நாளைக்கு ஒரு பைப்பு உடைஞ்சா டிராமை நிறுத்திட்டுத் தான் தோண்டணும், அதனால முதல்ல அது எல்லாத்தையும் ஓரத்துக்கு மாத்தணும். டிராம் வேலைல பாதி எரிச்சல் தண்டவாளத்துனால வர்றதில்ல, இந்தக் கொழாய் மாத்துற வேலையில தான் வரும். அது முடிஞ்சப்புறம் தான் புது நடைபாதை, மரம், விளக்குன்னு ரோட்டோட ஒரு சுவர்லேர்ந்து எதிர்ச் சுவர் வரைக்கும் புதுசாச்சு. மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்ல இருந்த பழைய ஹோட்டல் லிங்கன் மட்டும் பாதி இடிஞ்ச முகப்போட பல வருஷம் டிராம்ல போறவங்களை முறைச்சுப் பாத்துட்டே நின்னுச்சு.

வண்டி கணக்கும் பெருசு தான். மொத்தம் 74 வண்டி, ஒவ்வொண்ணும் 32 மீட்டர் சொச்சம், ரெண்டு ரெண்டாக் கோத்து 65 மீட்டர் நீளத்துல ஓட்டுறாங்க, ஒரு ஜோடியில 600 பேருக்கு மேல ஏறலாம். தரை தாழ்வா இருக்குறதால வீல்சேரோ குழந்தை வண்டியோ படி ஏறாம நேரா உள்ள போயிடும். மேல கம்பியில 750 வோல்ட். செலவு கிட்டத்தட்ட 600 கோடி திர்ஹம்.

வண்டி வந்துச்சு, ஊர் பழகல

சோதனை ஓட்டத்துலயே மோதல் ஆரம்பிச்சுடுச்சு. கார்காரன் சிவப்பு சிக்னல்ல பூந்து வருவான், ஸ்கூட்டர்காரன் தண்டவாளத்துலயே ஓட்டுவான், நடக்குறவங்க போனைப் பாத்துட்டே குறுக்க வருவாங்க. டிராமுக்கு பிரேக் போட்டா உடனே நிக்காது, இரும்பு மேல இரும்பு உருளுது, அது சத்தமும் இல்லாம வரும். முதல் சில மாசம் மோதல் செய்தி வராத வாரமே இல்லைங்கற அளவுக்கு இருந்துச்சு. ஜங்ஷன் ஜங்ஷனா ஆளுங்களை நிறுத்தி வச்சாங்க, ஸ்கூல் ஸ்கூலாப் போய்ச் சொல்லிக் குடுத்தாங்க. போகப் போகக் குறைஞ்சுது.

வேகம் தான் பெரிய தலைவலி. 65 மீட்டர் நீள வண்டியை ஜங்ஷன் நடுவுல பாதியில நிறுத்த முடியாது, முன்னாடி முழுசா இடம் காலியா இருந்தா தான் கிளம்பணும். சிக்னல் டிராமுக்கு முன்னுரிமை குடுத்தா தான் இது நடக்கும். ஆனா காசாபிளாங்கா மாதிரி ஊர்ல பெரிய ரவுண்டானாவுல கார் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும் போது சிக்னல் பச்சைன்னு சொல்லி என்ன பிரயோஜனம். ஒவ்வொரு ஜங்ஷன்லயும் அரை நிமிஷம் போனாலும் 31 கிலோமீட்டர்ல எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வட்டம் முடிக்க நேரம் கூடுச்சுன்னா அதே இடைவெளியில ஓட்ட அதிக வண்டி வேணும், இல்லன்னா இடைவெளி கூடும். தெருமட்டத்துல ஓடுற எல்லா டிராமுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், வண்டி எவ்வளவு நவீனமா இருந்தாலும் போலீஸ்காரரும் சிக்னலும் தான் அதோட வேகத்தைத் தீர்மானிக்குறது.

திட்டம் போட்டப்ப நாளுக்கு 2.5 லட்சம் பேர் ஏறுவாங்கன்னு சொன்னாங்க. முதல் வருஷத்துல ஒரு லட்சத்தை ஒட்டித் தான் நின்னுச்சு, அப்புறம் மெதுவாத் தான் ஏறுச்சு. வண்டி காலியாப் போகல, காலையில ஆள் பிதுங்கும். அப்போ கணக்கு ஏன் தப்புச்சு? அங்க தான் பஸ் கதை வருது.

பஸ்ஸை யாரும் பாக்கல

டிராமைக் கட்ட 2009 வாக்குல காசா டிரான்ஸ்போர்ட்ஸ்னு அரசும் நகராட்சியும் மத்த பொது அமைப்புங்களும் பங்கு வச்ச ஒரு கம்பெனியை உருவாக்குனாங்க. பணம், இன்ஜினியர், ராஜாவோட கவனம் எல்லாம் அங்க போச்சு. நகராட்சிக்குள்ள வச்சிருந்தா ஃபைல் நகந்திருக்காது, அதனால இந்த ஏற்பாடு தப்புன்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன், 31 கிமீ முடிஞ்சதுக்கே அது தான் காரணம். ஆனா பஸ் இதுக்குள்ள வரவே இல்ல. பஸ் 2004லேர்ந்து மதீனா பஸ்னு ஒரு தனியார் கம்பெனி கையில 15 வருஷ காண்டிராக்ட்ல இருந்துச்சு, தமாஷ் என்னன்னா அதுலயும் தொடக்கத்துல ஆர்.ஏ.டி.பி.க்குப் பங்கு இருந்துச்சு. டிக்கெட் ரேட்டை ஏத்த விடலன்னு கம்பெனி, வண்டி வாங்கலன்னு நகராட்சி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குற்றம் சொல்லிட்டு இருந்தாங்க. பாரிஸ்ல ஓடித் தேஞ்ச பழைய பஸ்ஸைக் கொண்டு வந்து ஓட்டுனாங்க, கண்ணாடி இல்ல, கதவு மூடாது, ஓடிட்டு இருக்கும் போதே தீப்பிடிச்ச வண்டியும் உண்டு.

இப்ப டிராம் கணக்கைப் பாருங்க. ஒரே ஒரு லைன் 33 லட்சம் பேர் ஊருக்கு எப்படிப் போதும், பஸ் வந்து கொட்டுனா தான் டிராம் நிரம்பும். பஸ் ரூட்டை டிராம் ஸ்டாப்போட சேத்து மாத்தி அமைக்கணும், ஒரே டிக்கெட்டுல மாற விடணும், ரெண்டும் நடக்கல. பஸ் டிக்கெட் தனி, டிராம் டிக்கெட் தனி, மாறுனா ரெண்டு தடவை காசு. தினக்கூலிக்குப் போறவனுக்கு அது பெரிய காசு, அவன் பழையபடி கிராண்ட் டாக்ஸிலயே போயிட்டான். டிராம் பக்கத்துல வீடு இருக்குறவனுக்கு வாழ்க்கை மாறுச்சு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குறவனுக்கு ஒண்ணும் மாறல. கம்பெனியைத் தனியா வச்சது கட்டுறதுக்கு நல்லது பண்ணுச்சு, ஓட்டுறதுக்குக் கெடுதல் பண்ணுச்சு, என்னோட முடிவு இது தான்.

2013 அக்டோபர்ல பார்லிமென்ட் திறப்புல ராஜாவே காசாபிளாங்காவை எப்படி நிர்வாகம் பண்றாங்கன்னு கடுமையா பேசுனாரு. அடுத்த வருஷம் 2015லேர்ந்து 2020 வரைக்கும் 3,360 கோடி திர்ஹம்ல ஊருக்கு ஒரு பெரிய திட்டம் வந்துச்சு. அதுக்கு நடுவுல தூண் மேல போற மெட்ரோ ஒண்ணு போடலாம்னு ஒரு பேச்சு ஓடி, அதுவும் 2014ல காசு கணக்குல செத்துப் போச்சு. ஒரு லைனுக்கு ஆகுற அந்தக் காசுல டிராம் பல லைன் போடலாம்னு சொன்னாங்க, சரியாத் தான் சொன்னாங்க.

பஸ்ஸுக்கு விடிவு வந்தது 2019ல தான். மதீனா பஸ் காண்டிராக்ட் அக்டோபர் கடைசியில முடிஞ்சுது, ஸ்பெயின் கம்பெனி அல்சா உள்ள வந்துச்சு, சுமார் 700 புது பஸ் வாங்குற ஒப்பந்தத்தோட. அதாவது டிராம் ஓட ஆரம்பிச்சு ஏழு வருஷம் கழிச்சு.

ஒய் எழுத்தை வெட்டுனது

2019 ஜனவரில ரெண்டாவது லைன் வந்தப்ப அவங்க செஞ்ச ஒரு விஷயம் இன்ஜினியருங்களுக்குப் புடிக்கும், சிதி மூமென்காரங்களுக்குப் புடிச்சிருக்காது. முதல் லைன் ஒய் வடிவம்னு சொன்னேன்ல, அதுல ஒரு சிக்கல் இருக்கு. நடுப்பகுதியில 5 நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓடுதுன்னு வச்சுக்குங்க, பிரியுற இடத்துக்கு அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு தான் ஒரு கைக்குப் போகும், அப்போ ஒவ்வொரு கையிலயும் 10 நிமிஷம். கையில கூட்டத்தைக் கூட்டணும்னா நடுவுல இன்னும் நெருக்கமா ஓட்டணும், நடுவுல தான் ஜங்ஷன் அதிகம், அங்க முடியாது. அதனால ஐன் தியாப் கையை வெட்டி லைன் 2க்குக் குடுத்துட்டாங்க. லைன் 1 சிதி மூமென்லேர்ந்து ஃபக்கல்தே தாண்டி லிஸ்ஸாஸ்ஃபா வரைக்கும், லைன் 2 ஐன் தியாப்லேர்ந்து வடகிழக்க சிதி பெர்னூசி வரைக்கும். ரெண்டும் ரெண்டு இடத்துல சந்திக்கும். நாளுக்கு ஏறுறவங்க எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டுச்சு, 2012ல சொன்ன கணக்கு ஒரு வழியா கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்துச்சு.

ஆனா சிதி மூமென்லேர்ந்து நேரா பீச்சுக்குப் போற ஒரே வண்டி அன்னியோட முடிஞ்சுது, இனிமே நடுவுல இறங்கி மாறணும். கணக்குப்படி சரி, மாறுறதுக்குக் கூடுதல் காசும் இல்ல. இருந்தாலும் குழந்தை குட்டியோட, குடை, சாப்பாட்டுக் கூடையோட ஞாயித்துக்கிழமை கிளம்புற குடும்பத்துக்கு மாறாம போறதும் மாறிப் போறதும் ஒண்ணு இல்ல. சிதி பெர்னூசியும் கிழக்கோரத்துத் தொழிலாளி ஏரியா தான், அவங்களுக்கு இப்ப நேரா பீச் கெடைச்சுது, அதனால ஏழைங்களை ஒதுக்கிட்டாங்கன்னு சொல்ல வழியில்ல. ஒரு ஓரத்துக்கிட்ட இருந்து எடுத்து இன்னொரு ஓரத்துக்குக் குடுத்தாங்க, அவ்வளவு தான்.

லைன் 3, லைன் 4 ரெண்டும் 2022ல வரும்னு சொல்லி கொரோனா அது இதுன்னு தள்ளிப் போய் 2024 செப்டம்பர் 23ல தான் ஓடுச்சு. லைன் 3 ஹாய் எல் வஹ்தாவுலேர்ந்து காசா போர்ட் ஸ்டேஷன் வரைக்கும் 14 கிமீ. ரபாத்துக்குப் போற வேக ஷட்டில் ரயில் கிளம்புற ஸ்டேஷன் அது, அந்த ரயிலை ஜனங்க ஓட்டப்பந்தய வீரர் சயீத் அவீத்தா பேரால அவீத்தான்னே கூப்புடுவாங்க. லைன் 4 12.5 கிமீ, அரபு லீக் பார்க் வரைக்கும். அதே வருஷம் மார்ச்ல பஸ்வேன்னு தனிப்பாதையில ஓடுற ரெண்டு பஸ் லைனையும் திறந்தாங்க. டிராம் மட்டும் இப்ப கிட்டத்தட்ட 75 கிமீ, பஸ்வேயையும் சேத்தா 100ஐத் தொடுது. புது லைனுக்கு 66 வண்டி, மறுபடியும் அல்ஸ்டோம்.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது பஸ்வே தான். டிராமை ஓட்டுற அதே நிர்வாகத்துக்குக் கீழ, அதே அட்டையில, அதே ரேட்டுல பஸ் ஓடுது, அதாவது 2012ல விட்டதை 12 வருஷம் கழிச்சு ஒரு மூலையிலேர்ந்து சரி பண்ண ஆரம்பிச்சிருக்காங்க. அல்சா ஓட்டுற சாதாரண பஸ் இன்னும் வேற நிர்வாகம், வேற டிக்கெட். 2030 கால்பந்து உலகக் கோப்பைக்காக ரயில்வேயும் காசாபிளாங்காவைச் சுத்தி லோக்கல் ரயில் ஓட்டுற வேலையில இறங்கிடுச்சு, அது மூணாவது நிர்வாகம். இந்த மூணு டிக்கெட்டையும் ஒரே அட்டைக்குள்ள கொண்டு வர்றவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் தண்டவாளம் போட்டாலும் கிராண்ட் டாக்ஸிக்காரருக்கு சவாரி குறையப் போறதில்ல.